மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கியாச்சு, அடுத்து என்ன? பொருத்துவதும் அமைப்பதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கிளினிக், ஜவுளிக்கடை, முப்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகம் மாதிரி நடுத்தர அளவு இடங்களில்தான் நான் அதிகம் நெட்வொர்க் வேலை செய்கிறேன். புது ஸ்விட்ச் பெட்டியைப் பிரித்த கையோடு போன் செய்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். பேச வசதியாக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கட்டடத்தில் 6 கம்ப்யூட்டர், 12 கேமரா, அதற்கான ரெக்கார்டர், 3 வைஃபை பெட்டி, இன்டர்நெட் ரவுட்டர். அங்கே 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (பிஓஇ என்ன என்று கீழே சொல்கிறேன்). 60 மீட்டர் தள்ளி இருக்கும் லேப் கட்டடத்தில் 30 கம்ப்யூட்டர், ஒரு 48 போர்ட் ஸ்விட்ச்.

சாதாரண ஸ்விட்ச் போட்டாலும் நெட் வருகிறதே, மேனேஜ்டு எதற்கு?

வரும். ஐந்து கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் இருக்கிற இடத்துக்கு நான் மேனேஜ்டு வாங்கச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளியில், லேபில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையன் கொஞ்சம் தேடினால் கட்டணக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர் தெரியும், கேமராவின் லாகின் பக்கமும் திறக்கும். சாதாரண ஸ்விட்ச் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறது, மேனேஜ்டு ஸ்விட்சில் அந்தக் கூடத்தை அறை அறையாகத் தடுக்கலாம். அந்த அறைகளுக்குத்தான் விலான் என்று பெயர். அப்புறம், தகராறு வரும்போது எந்த போர்ட்டில் பிழை ஏறிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கையோடு காட்டும். சாதாரண ஸ்விட்சில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் வழி.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் மேனேஜ்டு ஸ்விட்சும் சாதாரண ஸ்விட்ச் மாதிரியேதான் ஓடும், எல்லா போர்ட்டும் விலான் 1-இல். காசு கொடுத்து வாங்கிய வசதி நீங்கள் உள்ளே போய் அமைத்தால்தான் கிடைக்கும்.

வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பிஓஇ வாட், எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் மாட்யூல் செருகும் துளை), எப்படிப்பட்ட மேனேஜ்மென்ட், இந்த மூன்றும்.

பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்சாரம் அனுப்புவது. 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு அதிகபட்சம் 15.4 வாட், ஏடி தரத்தில் 30 வாட், 2018-இல் வந்த பிடி தரத்தில் 60, 90 வாட் வரை. பலர் இதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம் மொத்த ஸ்விட்சுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்பது. 24 போர்ட்டிலும் பிஓஇ இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 120 வாட்தான் என்றிருக்கும். நம் பள்ளியில் கேமராவுக்கு 8 வாட் வீதம் 96, வைஃபை பெட்டிக்கு 13 வீதம் 39, ஆக 135. பகலில் எல்லாம் நன்றாக ஓடும். ராத்திரி கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் மின்சாரம் பற்றாமல் கடைசி இரண்டு கேமரா அணைந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. 180 வாட்டுக்கு மேல் வாங்குங்கள்.

இரண்டு கட்டடங்களை ஃபைபரால், அதாவது கண்ணாடி இழைக் கேபிளால், இணைக்கப் போகிறீர்கள் என்றால் எஸ்எஃப்பி துளை வேண்டும். மேனேஜ்மென்டைப் பொறுத்தவரை, பிரவுசரில் திறக்கும் ஸ்மார்ட் வகையே இந்த அளவு இடத்துக்குப் போதும்.

முதலில் ரேக்கில் மாட்டுவதா, செட்டிங் செய்வதா?

செட்டிங். மேசை மேல் வைத்து, உட்கார்ந்து, நிதானமாக. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ரேக்கில் ஏற்றி எல்லா வயரையும் குத்தின பிறகு ஏணி மேல் நின்றுகொண்டு லேப்டாப்பை ஒரு கையில் பிடித்துச் செய்யும் வேலையில் தப்பு வராமல் இருக்காது, அதற்குள் கீழே நாலு பேர் நெட் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மேசை மேல் வைப்பதற்கும் முன்னால் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 24 வரை எழுதி, எந்த போர்ட்டில் எது, எந்த அறை, எந்த விலான் என்று பேனாவால் எழுதுங்கள். இது முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம் ஸ்விட்சை இயக்கி முதல் காரியமாக ஃபர்ம்வேரை, அதாவது ஸ்விட்சுக்குள் ஓடும் மென்பொருளை, புதுப்பியுங்கள். வேலை முடிந்து எல்லோரும் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு புதுப்பிக்க நேரமே கிடைக்காது.

ஸ்விட்சின் ஐபி தெரியவில்லை, எப்படி உள்ளே நுழைவது?

அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பொதுவாக டிபி-லிங்க் 192.168.0.1, நெட்கியர் 192.168.0.239, டி-லிங்க் 10.90.90.90. இவற்றில் சில, நெட்வொர்க்கில் டிஎச்சிபி (தானாக ஐபி வழங்கும் வசதி) இருந்தால் அதனிடமிருந்து வேறு ஐபி வாங்கிக்கொள்ளும், அதனால் முதல்முறை ரவுட்டரில் மாட்டாமல் லேப்டாப்பை நேராக ஸ்விட்சில் குத்துங்கள். லேப்டாப்புக்குக் கையால் ஐபி கொடுக்க வேண்டும். ஸ்விட்ச் 192.168.0.1 என்றால் லேப்டாப் 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபையும் 192.168.0 தொடரில் இருந்தால் பிரவுசர் ஸ்விட்சுக்குப் பதில் ரவுட்டரைத் திறக்கும். இதிலேயே ஒரு மணி நேரம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் மாதிரி ஸ்விட்ச் என்றால் கன்சோல் கேபிள் வேண்டும். யூஎஸ்பி ஒரு முனை, ஆர்ஜே45 மறு முனை என்று கிடைக்கிறது. லேப்டாப்பில் பட்டி (PuTTY) என்ற மென்பொருளில் சீரியல் தேர்ந்து வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. திரை கறுப்பாகவே இருந்தால் என்டரை இரண்டு முறை தட்டுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தவறான காம் போர்ட்டைத் தேர்ந்திருப்பீர்கள். கண்டபடி எழுத்துகள் ஓடினால் வேகம் தப்பு.

பழைய சிஸ்கோ ஸ்விட்ச் மலிவாகக் கிடைத்தது, அப்படியே மாட்டலாமா?

கூடாது. நல்ல ஸ்விட்சுகள்தான், பத்து வருடம் ஓடியும் அசராது, ஆனால் முந்தைய இடத்தின் ஞாபகம் உள்ளே இருக்கும். ரைட் எரேஸ் கட்டளை கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். விலான் பட்டியல் அழியாது, அது விலான்.டேட் என்ற தனிக் கோப்பில் ஃபிளாஷில் கிடக்கும். அதையும் தனியாக டெலீட் செய்து, பிறகு ரீலோட் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் விடிபி. ஒரு ஸ்விட்சில் இருக்கும் விலான் பட்டியலை மற்ற ஸ்விட்சுகளுக்குத் தானாகப் பரப்பும் சிஸ்கோ வசதி இது. பட்டியலை மாற்றும்போதெல்லாம் ஏறும் ரிவிஷன் எண் எந்த ஸ்விட்சில் பெரியதோ அதன் பட்டியல்தான் செல்லும். ஒரே நிறுவனத்தில் மூலையில் கிடந்த பழைய ஸ்விட்சை எடுத்து டிரங்கில் (ஸ்விட்சுகளை இணைக்கும், பல விலான்களும் சேர்ந்து போகும் போர்ட்டில்) மாட்டினால், டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்து ரிவிஷன் எண் பெரியதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஸ்விட்சுகளின் விலான்கள் சில நொடியில் காணாமல் போகும். சர்வர் மோடில்தான் இப்படி ஆகும் என்றில்லை, கிளையன்ட் மோடில் இருந்தாலும் ஆகும். விடிபியை டிரான்ஸ்பரன்ட் மோடில் போட்டுவிட்டு மாட்டுங்கள்.

இன்னொன்று, ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி. டிசிபி 4786 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் (இது வயர் குத்தும் போர்ட் இல்லை, மென்பொருள் பயன்படுத்தும் எண்). 2018 ஏப்ரலில் இதன் வழியாக இணையத்தில் திறந்து கிடந்த ஏராளமான சிஸ்கோ ஸ்விட்சுகளின் கான்ஃபிக்கை, அதாவது செட்டிங் கோப்பை, ஹேக்கர்கள் அழித்தார்கள், ஈரானிலும் ரஷ்யாவிலும் பெரிய பாதிப்பு. நோ விஸ்டாக் என்று ஒரு வரி கொடுத்து அணைத்துவிடலாம்.

விலான் எத்தனை போடுவது? எண் எப்படிக் கொடுப்பது?

விலான் எண் 1 முதல் 4094 வரை கொடுக்கலாம், அதற்காக அறைக்கு ஒரு விலான் போடாதீர்கள். யார் யாரைப் பார்க்கக் கூடாது என்று கேளுங்கள், அதுதான் எண்ணிக்கை. நம் பள்ளிக்கு 10 அலுவலகம், 20 லேப், 30 கேமரா, 40 விருந்தினர் வைஃபை, 99 ஸ்விட்சுகளை நிர்வகிக்க. ஐபியின் மூன்றாவது எண்ணும் அதுவாகவே இருக்கட்டும்: லேப் என்றால் 192.168.20 தொடர், கேமரா என்றால் 192.168.30 தொடர். ஆறு மாதம் கழித்து யாராவது போனில் ஐபியைச் சொன்னதும் அது எந்தக் கட்டடம், என்ன கருவி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

டேக்டு, அன்டேக்டு, பிவிஐடி... இது மட்டும் புரியவே மாட்டேன் என்கிறது.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கேபிளில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு கடிதமாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கம்ப்யூட்டருக்கு விலான் என்றால் என்னவென்றே தெரியாது, அது எண் எழுதாத கடிதத்தைத்தான் அனுப்பும், எண் எழுதாத கடிதத்தைத்தான் வாங்கும். அதனால் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் மாட்டும் போர்ட் எல்லாம் ஒரே ஒரு விலானில் அன்டேக்டு. சிஸ்கோ பாஷையில் அக்சஸ் போர்ட். இரண்டு ஸ்விட்சுக்கு நடுவில் ஓடும் கேபிளிலோ ஐந்து விலானின் கடிதங்களும் கலந்து போகும், எது எந்த விலானுடையது என்று மறுமுனைக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படும். அந்தச் சீட்டுதான் டேக், அதை வகுத்த தரம் 802.1க்யூ. ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில், ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில், இரண்டு மூன்று வைஃபை பெயர் கொடுக்கும் பெட்டிக்குப் போகும் போர்ட்டில், இந்த மூன்று இடத்தில்தான் டேக்டு வரும்.

பிவிஐடி எங்கே வருகிறது என்றால், சீட்டு இல்லாத கடிதம் உள்ளே வரும்போது அதை எந்த விலானில் சேர்ப்பது என்று ஸ்விட்ச் பார்ப்பது பிவிஐடியை. அன்டேக்டு என்பது வெளியே போகும் வழிக்கான விதி, பிவிஐடி உள்ளே வரும் வழிக்கானது. சிஸ்கோவில் அக்சஸ் விலான் என்று ஒரு வரி கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே மாறிவிடும். பிரவுசரில் அமைக்கும் பல ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும். போர்ட் 5-ஐ விலான் 30-இல் அன்டேக்டு என்று போட்டுவிட்டு பிவிஐடியை 1 ஆகவே விட்டுவிட்டால், கேமராவுக்குப் போக வேண்டியது போகும், கேமரா அனுப்புவது விலான் 1-க்குப் போய்விடும். லிங்க் லைட் எரியும், ஒன்றும் வேலை செய்யாது. போர்ட் 5-ஐ விலான் 1-இலிருந்து எடுக்கவும் மறக்காதீர்கள், சில ஸ்விட்சுகள் தானாக எடுக்காது.

டிரங்கின் இரு முனையிலும் சீட்டு இல்லாத விலான், அதாவது நேட்டிவ் விலான், ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் 1, மறு முனையில் 99 என்றிருந்தால் இரண்டு அறைக்கும் நடுவில் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி.

விலான் பிரித்ததும் லேபில் நெட் வரவில்லையே?

வராது, ஏனென்றால் விலான்களுக்கு நடுவில் கடிதம் கொண்டுபோவது ரவுட்டரின் வேலை. நாம் வாங்கியது மாதிரி லேயர் 2 ஸ்விட்ச் அதைச் செய்யாது. விலான் தெரிந்த ரவுட்டரோ ஃபயர்வாலோ, ரவுட்டர் வேலையும் செய்யும் லேயர் 3 ஸ்விட்சோ வேண்டும். அதில் ஒவ்வொரு விலானுக்கும் ஒரு கேட்வே ஐபியும் (அந்த விலானிலிருந்து வெளியே போகும் வாசல்) டிஎச்சிபியும் அமைக்க வேண்டும். இன்டர்நெட் இணைப்போடு இலவசமாகத் தரும் பெட்டிகளில் பலவற்றில் இது முடியாது. ஸ்விட்ச் வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது செலவு வரும்.

ரவுட்டர் இணைத்ததும் எல்லா விலானும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். தடுக்கும் விதிகளை அங்கேதான் எழுத வேண்டும்.

ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாரோ ஸ்விட்சில் குத்திவிட்டார்கள், எல்லாம் நின்றுவிட்டது. எப்படித் தடுப்பது?

இதற்குப் பெயர் லூப். ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட், அதாவது எல்லோருக்கும் போகும் கடிதம், சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே போகும், எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னும். அப்படிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், கடைசியாக யார் எதை மாட்டினார்கள் என்று கேட்டு அதைப் பிடுங்குங்கள்.

தடுப்பதற்கு ஸ்பானிங் ட்ரீ இருக்கிறது. ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் 1985-இல் உருவாக்கியது. சுற்றுப் பாதை தெரிந்தால் ஒரு போர்ட்டை மூடிவைக்கும், பிரதான பாதை அறுந்தால் அதைத் திறந்துவிடும். உங்கள் ஸ்விட்சில் ரேபிட் வகை இருந்தால் அதையே தேர்ந்துகொள்ளுங்கள். விலை குறைந்த சில மாடல்களில் ஸ்பானிங் ட்ரீ இருக்காது, லூப் பிரிவென்ஷன் மட்டும் இருக்கும். அதையாவது ஆன் செய்யுங்கள்.

எந்த ஸ்விட்ச் தலைமை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எல்லாவற்றிலும் பிரையாரிட்டி 32768 என்றே வரும், சமமாக இருந்தால் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் எண்) சிறியது ஜெயிக்கும். அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய ஸ்விட்சாக அமைந்துவிடும். ரவுட்டர் மாட்டியிருக்கும் அலுவலக ஸ்விட்சுக்கு 4096 கொடுங்கள், எண் 4096-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை மாட்டி அரை நிமிஷம் கழித்துத்தான் நெட் வருகிறது, ஸ்விட்ச் பழுதா?

பழுதில்லை. பழைய ஸ்பானிங் ட்ரீ, போர்ட்டைத் திறக்கும் முன் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அப்புறம்தான் விடும். அதற்குள் கம்ப்யூட்டர் டிஎச்சிபி கேட்டுச் சலித்து 169.254 என்று தொடங்கும் ஐபியை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மாட்டும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்பதை ஆன் செய்யுங்கள். கூடவே பிபிடியூ கார்டும் போடுங்கள், அந்த போர்ட்டில் யாராவது இன்னொரு ஸ்விட்சை மாட்டினால் அதுவே மூடிக்கொள்ளும்.

ரேக், மின்சாரம், எர்த் பற்றிச் சொல்லுங்கள்.

ரேக்கில் ஒரு யூ உயரம் 44.45 மில்லிமீட்டர். இரண்டு யூ போதும் என்று தோன்றினாலும் 9 யூ சுவர் ரேக் வாங்குங்கள், பேட்ச் பேனலும் கேபிள் மேனேஜரும் ஃபைபர் பெட்டியும் வந்தால் இடம் நிறைந்துவிடும். ஸ்விட்சின் பக்கவாட்டுத் துளைகள் அடைபடக் கூடாது. ஆனால் கேபிள் நுழையும் ஓட்டைகளைப் பிரஷ் வைத்து அடையுங்கள். நம் ஊரில் வெதுவெதுப்பான இடம் என்று பல்லி உள்ளே போய் பவர் சப்ளையில் ஒட்டிச் செத்துப்போவது சர்வசாதாரணம், எறும்பும் அப்படித்தான்.

எர்த் ஸ்க்ரூவில் வயர் போட்டு உண்மையான எர்த்துக்குக் கொண்டுபோங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஸ்விட்ச் பிறகு. யூபிஎஸ் கணக்குப் போடும்போது பிஓஇ வாட்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மழைக்காலத்தில் இடி இடித்தால் போர்ட்டுகள் போய்விடுகின்றன, என்ன செய்வது?

கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குக் காப்பர் கேபிள் போடாதீர்கள். 60 மீட்டர்தானே, 100 மீட்டர் வரை போகுமே என்று போட்டுவிடுகிறார்கள். தூரம் போகும், ஆனால் அருகில் எங்கோ இடி விழுந்தால் இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவில் ஏற்படும் வோல்ட்டேஜ் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாயும். ஒரு இடத்தில் ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் எட்டு போர்ட்டும் இரண்டு கேமராவும் போனதை நேரில் பார்த்து, மறுநாள் அந்தப் பொறுப்பாளரின் முகத்தையும் பார்த்தேன். அதிலிருந்து ஃபைபர் இல்லாமல் இரண்டு கட்டடத்தை இணைக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வாங்கும்போது உலோக உறை இல்லாத ஃபைபராகக் கேளுங்கள், உறை உலோகம் என்றால் அதை முறையாக எர்த் செய்ய வேண்டும். இரு முனையிலும் எஸ்எஃப்பி ஒரே வகையாக இருக்க வேண்டும், சிங்கிள் மோட் ஃபைபருக்கு சிங்கிள் மோட் மாட்யூல். கேட் அருகே வெளியில் நிற்கும் கேமராவுக்குக் காப்பர்தான் வழி என்றால் சர்ஜ் புரொடெக்டர் வைத்து அதை எர்த் செய்யுங்கள்.

கேபிள் எது வாங்குவது?

முழுக் காப்பர் கேட்6. 305 மீட்டர் பெட்டி சந்தேகப்படும்படி விலை குறைவாகவும் தூக்கினால் லேசாகவும் இருந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்தடை அதிகம், பிஓஇ போட்டால் சூடேறும், வளைத்த இடத்தில் முறியும். சுவருக்குள் 90 மீட்டர், இரு பக்கமும் பேட்ச் கார்டு சேர்த்து 10 மீட்டர், இதுதான் அந்த 100 மீட்டர்.

வீட்டிலிருந்தே செட்டிங் மாற்றினேன், ஸ்விட்ச் தொடர்பே போய்விட்டது.

சிஸ்கோவில் இதற்குப் பேர்போன ஒரு தப்பு இருக்கிறது. டிரங்கில் ஏற்கெனவே 10, 20, 30, 99 அனுமதித்திருக்கிறோம், 40-ஐச் சேர்க்க வேண்டும். அலவ்டு விலான் ஆட் 40 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் ஆட் என்ற சொல்லை விட்டுவிட்டால் பட்டியலில் 40 மட்டும் மிஞ்சும், 99 போய்விடும், நீங்களும் வெளியே.

தூரத்திலிருந்து மாற்றும் முன் ரீலோட் இன் 10 என்று கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். தப்பு நேர்ந்து தொடர்பு போனால் பத்து நிமிஷத்தில் ஸ்விட்ச் தானாக மறுதொடக்கமாகிப் பழைய செட்டிங்கோடு எழும். சரியாக முடிந்தால் ரீலோட் கேன்சல் கொடுத்து, அப்புறம் சேமியுங்கள். நடுவில் சேமித்துவிட்டால் இந்தத் தந்திரம் பலிக்காது.

கரண்ட் போய் வந்ததும் செட்டிங் எல்லாம் போய்விட்டது.

சேமிக்கவில்லை. அப்ளை என்பது வேறு, சேவ் என்பது வேறு. பல ஸ்விட்சுகளில் சேவ் பட்டன் மூலையில் தனியாக இருக்கும். சிஸ்கோவில் ரைட் மெமரி.

பாஸ்வேர்ட் மாற்றினால் போதுமா?

அது முதல் படி. தூரத்திலிருந்து ஸ்விட்சுக்குள் நுழையும் வழிகளில் டெல்நெட்டை அணைத்து எஸ்எஸ்எச் மட்டும் விடுங்கள், டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்படியே எழுத்தாகக் கேபிளில் ஓடும். எஸ்என்எம்பி (ஸ்விட்சைக் கண்காணிக்கும் வசதி) தேவையில்லை என்றால் அணையுங்கள், தேவை என்றால் பாஸ்வேர்ட் மாதிரி அதில் இருக்கும் பப்ளிக் என்ற பெயரை மாற்றுங்கள். விலான் 99 தவிர வேறெங்கிருந்தும் ஸ்விட்சின் லாகின் பக்கம் திறக்கக் கூடாது. பயன்படுத்தாத போர்ட்டுகளை மூடிவையுங்கள்.

டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருந்தால் அவசியம் ஆன் செய்யுங்கள். ஆசிரியர் ஒருவர் நல்ல எண்ணத்தில் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் சாக்கெட்டில் மாட்டுவார், அது தன் பங்குக்கு எல்லோருக்கும் ஐபி வழங்க ஆரம்பிக்கும், பாதி கம்ப்யூட்டர்களில் நெட் போய்விடும். ரவுட்டர் பக்கப் போர்ட்டையும் ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டையும் மட்டும் டிரஸ்டட் ஆக்கினால் மற்ற போர்ட்டில் எது ஐபி வழங்கினாலும் ஸ்விட்ச் நிறுத்திவிடும்.

கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு விலானிலும் ஒரு போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, சரியான ஐபி வருகிறதா, நெட் வருகிறதா பாருங்கள். லேபிலிருந்து கேமராவையும் அலுவலகக் கம்ப்யூட்டரையும் பிங் செய்யுங்கள், பதில் வரக் கூடாது. போர்ட் பிழை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த பாக்கெட்டுகளின் கணக்கு) ஏறும் போர்ட்டின் முனையை மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். பிறகு ஒரு கேபிளின் இரு முனையையும் வேண்டுமென்றே இரண்டு போர்ட்டில் குத்துங்கள், நெட்வொர்க் நிற்காமல் ஓட வேண்டும். இருட்டிய பிறகு, எல்லா கேமரா விளக்கும் எரியும்போது, பிஓஇ எத்தனை வாட் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக யூபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்து, ஐந்து நிமிஷம் விட்டு இயக்குங்கள். யாரும் எதையும் தொடாமல் எல்லாம் தானாக எழுந்தால் கான்ஃபிக்கை ஒரு பென் டிரைவில் எடுத்துப் பொறுப்பாளரிடம் கொடுங்கள், முதல் நாள் பேனாவால் எழுதிய அந்தத் தாளைத் திருத்தி எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.